குப்பைக்கூடையிலிருந்து தொடங்குவோம்: குழந்தைகளோடு சூழலுக்கு இசைந்து வாழ்வது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் நகரங்களில் குழந்தைகளோடு வாழும் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை சென்னையைச் சேர்ந்தவை. நான் வாழும் ஊர் அது என்பது ஒரு காரணம். 2015-இன் வெள்ளம், 2019-இன் வறட்சி, 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் என்று ஒரே தலைமுறைக் குழந்தைகள் மூன்றையும் அங்கே கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்பது மற்றொரு காரணம்.

சூழலுக்குக் கேடில்லாமல் வாழ விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

சமையலறைக் கழிவிலிருந்து தொடங்குங்கள். சூரிய மின்தகடு, மின்சார வாகனம் என்று பெரிய செலவுகளைத்தான் பலர் முதலில் நினைக்கிறார்கள். அவை நல்லவையே, ஆனால் அவை பெரியவர்கள் ஒரு முறை எடுக்கும் முடிவுகள், அவற்றில் குழந்தை செய்வதற்கு எதுவும் இல்லை. காய்கறித் தோலோ வேளைக்கு வேளை சேர்கிறது; அதை எங்கே போடுவது என்று மூன்று வயதுக் குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை மாநகரம் ஒரு நாளில் 5,000 டன்னுக்கு மேல் குப்பையை வெளியேற்றுகிறது. நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது. அது பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ள கிடங்குகளில் மலையாகக் குவிந்து, காற்றுப் புகாத அடுக்குகளுக்குள் அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கும் எரிந்து சுற்றுவட்டாரத்தையே புகையில் ஆழ்த்தியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். கிடங்கு எரிந்த அதே 2022-ஆம் ஆண்டில்தான் அந்தச் சதுப்புநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நம் வீட்டு வாழைப்பழத் தோல் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான் என்பதைக் குழந்தைக்கு வரைபடத்தில் காட்டலாம்.

குப்பையை எத்தனை வகையாகப் பிரிப்பது?

2016-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக வந்த 2026-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நான்கு வகைகளைச் சொல்கின்றன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, சானிட்டரி கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் வீட்டுக் கழிவு. நான்காவது வகையில் பயன்படுத்திய பேட்டரி, குழல்விளக்கு, காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா முதலியவை அடங்கும். இவை சிறிதளவே சேரும் என்பதால் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பழைய டப்பா வைத்தால் பல மாதங்களுக்குப் போதும். பழைய கைப்பேசி, சார்ஜர் போன்ற மின்னணுக் கழிவைத் தனியே வைத்திருந்து, அதற்கென உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

மக்காத குப்பையில் ஒரு வழக்கம் மட்டும் கண்டிப்பாக வேண்டும்: கழுவிக் காயவைத்துப் போடுவது. சாம்பார் ஊறிய தாளும் தயிர் ஒட்டிய டப்பாவும் மறுசுழற்சிக்கு உதவாமல் போகின்றன. பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது அந்தச் சிறு முக்கோணத்தைத் துண்டாக்காமல், உறையோடு ஒட்டியபடியே விடுங்கள். உறை எப்படியாவது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அந்த முக்கோணத்தை யாரும் பொறுக்குவதில்லை, அது நேராக வாய்க்காலுக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொண்ட விதி இதுதான். விருந்தினர் வெட்டும்போதுகூட ஓடிவந்து தடுப்பார்கள்.

நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே? பிறகு எதற்கு இந்தப் பாடு?

நியாயமான கோபம் இது. எங்கள் தெருவிலும் அப்படி நடந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நாங்கள் கண்ட வழி, வண்டிக்குப் போகும் குப்பையையே குறைத்துவிடுவது. மக்கும் குப்பை வீட்டுத் தொட்டியிலேயே உரமாகிவிட்டால் வண்டியில் கலப்பதற்கு ஒன்றும் இராது. தாள், அட்டை, பால் உறை, புட்டி, இரும்பு ஆகியவை மாதம் ஒரு முறை காயலான் கடைக்குப் போகும். அதற்குக் காசும் கிடைக்கும். எஞ்சுவது சானிட்டரி கழிவும், மறுசுழற்சிக்கு வழியில்லாத பிஸ்கட், சிப்ஸ் உறைகளும்தான்.

ஒன்றாகக் கொட்டப்பட்ட குப்பையையும் கடைசியில் ஒரு மனிதர் கையால்தான் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடியும் ஊசிப்போன சோறும் ஒரே பையில் இருந்தால் அவர் கைதான் கிழிகிறது. குழந்தைகளிடம் புவி வெப்பத்தைப் பற்றிப் பேசுவதைவிட, நாள்தோறும் வாசலுக்கு வரும் அந்த அக்காவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்வது விரைவில் பலன் தரும். வண்டியில் கலப்பது தொடர்ந்தால் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் வார்டு அலுவலகத்துக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்; தூய்மைப் பணியாளரோடு சண்டையிடாதீர்கள், வண்டியில் எத்தனை அறைகள் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவர் அல்ல.

அடுக்குமாடி வீட்டில் உரம் தயாரித்தால் நாறாதா? புழு வராதா?

முறை தவறினால் நாறும். சரியாகச் செய்தால் மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும். காற்றோட்டத்துக்காகப் பக்கங்களில் துளையிட்ட மண்தொட்டியோ பழைய பெயின்ட் வாளியோ போதும். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகையோ தேங்காய் நார்த்தூளையோ பரப்புங்கள். அன்றைய காய்கறித் தோலை நறுக்கிப் போட்டு, தோல் வெளியே தெரியாதபடி மேலே ஒரு கை சருகு தூவி மூடுங்கள். முதல் சில நாட்களில் புளித்த மோரைச் சிறிது தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். வாரம் இரு முறை கிளறுங்கள். தொட்டி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்த தொட்டியைத் தொடங்கினால், ஒன்றரை அல்லது இரண்டு மாதத்தில் முதல் தொட்டி கறுத்த உரமாகியிருக்கும்.

பச்சைக் கழிவில் நைட்ரஜனும் ஈரமும் மிகுதி. சருகில் கார்பன் மிகுதி. ஈரம் மிஞ்சிக் காற்று அடைபட்டால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி நாற்றம் கிளம்புகிறது. ஆகவே நாறினால் உடனே சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். கொழுத்த வெண்புழுக்கள் தென்பட்டால் அஞ்ச வேண்டாம். அவை பெரும்பாலும் கருப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை, மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. அருவருப்பாகத் தோன்றினால் சருகு மூட்டத்தைக் கூட்டுங்கள், குறைந்துவிடும். பழகும்வரை மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், பால் பொருள் ஆகியவற்றைத் தொட்டியில் போடாதீர்கள்.

சருகுக்கு எங்கே போவது என்பது அடுக்குமாடிக்காரர்களின் வழக்கமான கவலை. தெருவைப் பெருக்குபவர்கள் வேப்பிலையையும் புங்க இலையையும் குவித்து வைக்கிறார்கள். பல இடங்களில் அதற்குத் தீயும் வைத்துவிடுகிறார்கள். கேட்டால் ஒரு சாக்கு நிறையக் கொடுப்பார்கள். அதைச் சுமந்து வருவது பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருக்கட்டும்.

இதெல்லாம் கடைசியில் என் தலையில்தான் விழுகிறது. வேலைக்கும் போய்க்கொண்டு இதையும் எப்படிச் செய்வது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். பெரும்பாலும் தாய்மார்களே இதைக் கேட்கிறார்கள், அதுவும் சற்றுக் குற்ற உணர்வோடு. அவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. துணிப்பை எடுத்துச் செல்வது, டப்பாவைக் கழுவிக் காயவைப்பது, தொட்டியைக் கிளறுவது, துணி டயபரைத் துவைப்பது எல்லாமே வீட்டு வேலைகள். வீட்டு வேலை முழுவதும் ஏற்கெனவே ஒருவர் மேல் இருக்கும்போது அதன்மேல் மேலும் நான்கு வேலைகளை ஏற்றிவிட்டு அதற்குப் பசுமை வாழ்க்கை என்று பெயரிட்டால், அது ஒரு மாதத்தில் நின்றுவிடும். நிற்பதில் வியப்பும் இல்லை. இப்படி நின்றுபோன வீடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அக்கறை குறைந்ததால் எந்த வீட்டிலும் அது நின்றுபோகவில்லை. அவருக்கு உதவியாக மற்றொரு கை இல்லாததால்தான் நின்றுபோனது.

எனவே எந்தப் புது வழக்கத்தைத் தொடங்கும் முன்பும், அதை யார் செய்யப் போகிறார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். உரத்தொட்டி அப்பாவின் பொறுப்பு என்றால், அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் யாரிடம் ஒப்படைக்கிறார் என்பதும் அவர் பொறுப்பே. காயலான் கடைக்குப் போவது மூத்த பிள்ளையின் வேலை என்றால், அதில் கிடைக்கும் காசும் அவருடையதாக இருக்கட்டும். கூடவே, வழியில் குறுக்கிடும் சிறு தடைகளை அகற்றுங்கள். துணிப்பை அலமாரிக்குள் இருந்தால் மறந்து போகும். செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே ஆணியில் தொங்கினால் கையோடு வரும். மக்கும் குப்பைக்கான ஏனம் அரிவாள்மனைக்கோ கட்டிங் போர்டுக்கோ பக்கத்தில் இருக்க வேண்டும். பால்கனியில் இருந்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

எந்த வயதில் குழந்தைக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம்?

வயதைவிட, வேலை உண்மையானதா என்பதே முக்கியம். குழந்தைகள் பாவனை வேலையை எளிதில் கண்டுகொள்வார்கள். மூன்று, நான்கு வயதில் தோலைச் சரியான ஏனத்தில் போடுவது, செடிக்குக் குவளையால் நீர் ஊற்றுவது. ஆறு வயதுக்கு மேல் சருகு தூவுவது, வெளியேறும் அறையின் விளக்கையும் விசிறியையும் அணைப்பது. பத்து வயதில் மின் அளவியின் எண்ணைப் படித்து நாட்காட்டியில் குறிப்பது, கடைக்குத் தூக்குவாளியோடு போய்த் தயிரோ மாவோ வாங்கி வருவது. பதின்ம வயதினர் வேலையை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், முடிவிலும் பங்கு கேட்பார்கள், கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி சில சமயம் நம்மைச் சுடும். நாம் காருக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்களை மிதிவண்டியில் போகச் சொன்னால் அதைச் சுட்டிக்காட்ட அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

நட்சத்திரக் குறி, பரிசுப் பொருள் போன்றவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பரிசு நின்றதும் பழக்கமும் நிற்கும். தான் போட்ட தோல் உரமாகி, அந்த உரத்தில் வெண்டைச் செடி காய்த்து, அந்தக் காய் தன் தட்டில் பொரியலாக வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு ஊக்கம் தேவைப்படாது.

தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் எவை? துணிப்பை என்று நினைத்து வாங்கியது துணி இல்லை என்கிறார்களே?

தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி வீசும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. தூக்குப்பை, உணவைப் பொதியும் தாள், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பொட்டலம் ஆகியவை இதில் அடங்கும். பலரும் அறியாத இரண்டு உண்டு. முதலாவது, தேநீர்க் காகிதக் குவளை. அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூசப்பட்டிருப்பதால் அதுவும் பட்டியலில் உள்ளது. இரண்டாவது, துணிக்கடைகளில் தரப்படும் நெய்யப்படாத பை. துணிபோல் தோன்றினாலும் அது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்தான். ஐயம் இருந்தால் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் இல்லையென்றால் அது துணி அன்று.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது; கோயம்பேடு சந்தை முதலிய இடங்களில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. திருமணத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பையைக் கையில் பிடிப்பதே பட்டிக்காட்டுத்தனம் என்று ஒரு காலத்தில் கேலி செய்யப்பட்டது. அதே பை இன்று மதிப்போடு திரும்பி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

மூங்கில் பல்துலக்கி, இரும்பு உறிஞ்சுகுழல், புதிய துணிப்பைகள் எல்லாம் வாங்கிவிட்டோம். வேறென்ன வாங்கலாம்?

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். பருத்தி விளையவும் நூலாகிச் சாயமேறவும் நிறைய நீர் செலவாகிறது. ஒரு பை நூற்றுக்கணக்கான முறை பயன்பட்டால்தான் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. கண்காட்சிக்குக் கண்காட்சி இலவசமாக வாங்கி அடுக்கிய இருபது துணிப்பைகள் சூழலுக்கு உதவுவதில்லை. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கியெறிந்துவிட்டுக் கண்ணாடிக் குப்பிகள் வாங்குவதும் அப்படித்தான்; உலர்ந்த பருப்பு இன்னும் பல ஆண்டுகள் அதே டப்பாவில் இருக்கட்டும். சூடான உணவை மட்டும் எவர்சில்வருக்கு மாற்றுங்கள்.

புதிதாக வாங்குவதைவிட வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்பது பயன் தரும். பழைய வேட்டி எத்தனை உருவெடுக்கும், கிழிந்த புடவை எப்படிக் குழந்தைக்குத் தூளியாகிப் பிறகு மிதியடியாகும், வடித்த கஞ்சி எதற்கெல்லாம் ஆகும் என்பதைப் பாட்டிமார் நமக்குப் பாடம் நடத்துமளவு அறிவார்கள். இந்த விஷயத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

தண்ணீரில் எவ்வளவு மிச்சப்படுத்த முடியும்?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோய், லாரித் தண்ணீருக்காக இரவெல்லாம் குடங்களோடு காத்திருந்தோம். அதே சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். பெருக்கினால் ஆண்டுக்கு 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,00,000 லிட்டருக்குக் குறையாது. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுப்படி நால்வர் குடும்பத்துக்கு அது ஆறு மாதத் தேவை. ஆறாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகவே பல வீடுகளில் அமைப்பு இருக்கிறது, பராமரிப்புத்தான் இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன், செப்டம்பரிலேயே மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்த இலைகளை அகற்றி, வடிகட்டும் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் கழுவிப் போடுங்கள். மொட்டைமாடியில் குடும்பமே சேர்ந்து செய்ய ஏற்ற வேலை அது.

அன்றாடத்தில் ஆர்.ஓ. இயந்திரத்தைக் கவனியுங்கள். அது ஒரு லிட்டர் குடிநீர் தரும்போது பெரும்பாலும் அதைவிடக் கூடுதலான நீரைக் கழித்துத் தள்ளுகிறது; அந்தக் குழாயை வாளிக்குள் விட்டால் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும். உப்பு மிகுதி என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். சொட்டும் குழாயின் கீழே இரவில் ஒரு சொம்பை வைத்து, காலையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். பிளம்பரை அழைப்பதை நீங்கள் அதன்பின் ஆறப்போட மாட்டீர்கள்.

மின்சாரத்தில் எது உண்மையில் பலன் தரும்?

விசிறியும் ஏசியும். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவிலேயே சுழலும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று விசிறிகள் என்றால் 120 யூனிட். இரண்டு மாதக் கணக்கீட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் நம் மாநிலத்தில் அது பெரிய தொகை. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 26-இல் வைத்து விசிறியையும் மெதுவாகச் சுழல விடுங்கள். சொந்த மாடி இருந்தால், 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கைப்பேசி சார்ஜரைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்; அது மிகச் சிறிது.

குழந்தைக்கு டயபர் போடுவது தவறா?

தவறென்று நான் சொல்ல மாட்டேன். இரவெல்லாம் விழித்திருக்கும் தாயிடம் துணியைத் துவைக்கச் சொல்ல வேறு யாருக்கும் தகுதியில்லை, துவைக்கத் தயாராக இருப்பவரைத் தவிர. பகலில் பழைய வேட்டித் துணியில் தைத்த லங்கோடு, இரவிலும் பயணத்திலும் டயபர் என்று வைத்துக்கொண்டாலே பாதிக்கு மேல் குறைந்துவிடும். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றி, மேலே சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுங்கள்; சானிட்டரி நாப்கினுக்கும் இதே முறை. மாதவிடாய்க் குப்பிக்கோ துணி நாப்கினுக்கோ மாறுவது அவரவர் உடலும் வசதியும் சார்ந்த முடிவு. வளரும் பெண்பிள்ளையிடம் தகவலைச் சொல்லுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

பண்டிகைகளில் என்ன செய்வது? பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை.

கெடுக்கவும் வேண்டாம். போகியில் முன்பு எரிந்தவை ஓலையும் கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும். இன்று எரிபவை டயரும் நைலான் சாக்கும் பிளாஸ்டிக்கும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடுமாறின. போகிக்கு முந்தைய வாரம் வீட்டை ஒழித்து, உடுத்தக்கூடிய துணியைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பினால் 'பழையன கழிதல்' நிறைவேறிவிடும். விநாயகர் சதுர்த்திக்குக் குயவரிடம் வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரை வாங்கி, வீட்டு வாளியிலேயே கரைத்து, அந்த மண்ணைச் செடிக்குப் போடலாம்.

தீபாவளி சற்றுக் கடினம். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல்லாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி என் மகளிடம் சொன்னேன்; வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு அவளாகவே வெடிகளை விட்டுவிட்டு மத்தாப்பு மட்டும் போதும் என்றாள். முழுவதும் விட்டுவிடவில்லை, அது அவள் முடிவு.

பிறந்தநாள் விருந்துக்கு வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டும் தம்ளரும் குறைந்த செலவில் கிடைக்கும். வாழையிலை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு, தொன்னை ஆகியவை விருந்து முடிந்ததும் உரத்தொட்டிக்குப் போகும்.

என் பிள்ளை செய்திகளைப் பார்த்துவிட்டு, உலகம் அழியப் போகிறதா என்று அழுகிறான். என்ன சொல்வது?

பொய்யான ஆறுதல் சொல்லாதீர்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்த பிள்ளையிடம் ஒன்றும் ஆகாது என்று சொன்னால், அடுத்த முறை அவன் நம்மிடம் கேட்கவே மாட்டான். நிலைமை கடினமானது, அதற்காக உழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள், நீயும் அவர்களோடு சேரலாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல் அழைத்துக்கொண்டு போங்கள்.

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மாணவர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய ஒரு கடலாமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறது. பொதுமக்களும் உடன் நடக்கலாம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரையொதுங்கியபோது பிள்ளைகள் கலங்கினார்கள். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது, இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கி இறப்பது, அதைத் தடுக்க வலையில் தப்பும் வழி வைக்க முடிவது எல்லாவற்றையும் அப்போது அவர்களுக்கு விளக்க நேர்ந்தது. காரணம் தெரிந்த துயரத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். அதே கரையில் சில வாரங்கள் கழித்து, உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் அலையை நோக்கித் தவழ்ந்ததையும் அவர்கள் பார்த்தார்கள்.

இரவு நடை முடியாதவர்கள் பள்ளிக்கரணைக்கோ வேடந்தாங்கலுக்கோ காலையில் போகலாம்.

பள்ளிக்குப் போய்வர?

நடக்கும் தொலைவானால் நடை, இல்லையேல் பேருந்து. மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டையும், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் உண்டு. ஒரே குடியிருப்பின் பிள்ளைகள் ஒரு பெரியவரோடு கூட்டாக நடந்து போனால், பெற்றோர் முறை வைத்துக்கொள்ளலாம்.

ஆர்வமாகத் தொடங்கினோம், தேர்வுக் காலத்தில் விட்டுப்போய்விட்டது. மறுபடி எப்படித் தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். காய்ந்து கிடக்கும் உரத்தொட்டியில் நீர் தெளித்துக் கிளறுங்கள். உள்ளே இருப்பவை கெட்டுப்போகவில்லை, காத்திருக்கின்றன. முன்பு எந்த வேலை யாருக்குப் பாரமாக இருந்தது என்று இரவு உணவின்போது கேளுங்கள். அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றுங்கள், அல்லது இம்முறை விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இது மூன்று முறை நின்று மூன்று முறை தொடங்கியது. கடைசியாகத் தொடங்கியபோது தொட்டியைக் கிளறும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காயலான் கடை மகளுக்குப் போனது. சருகு கொண்டுவருவது இன்னமும் அவள் தம்பியின் வேலை, சாக்கு அவனைவிட உயரமாக இருந்தாலும்.